பலகையின் பின்பக்கம்

பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தே பழகிய பஷீருக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் பெஞ்சு போட்டிருந்தால், உட்காரும் முன் ஆட்டிப் பார்த்திருப்பாய். அதனால் உன்னைப் பற்றிக் கவலையில்லை.

இங்கே நம் சதுக்கப் பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். வாசலில் புதுப் பலகை: ‘பூங்கா அழகுபடுத்தும் பணி. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ நாம் சிரமப்பட்ட எந்த நாளிலும் வருந்தாதவர்கள், இப்போது முன்கூட்டியே வருந்துகிறார்கள்.

அந்த இடத்தின் சரித்திரம் உனக்குத் தெரியாததா? ஒரு காலத்தில் தோல் காயப்போட்ட மைதானம். பிறகு புங்க மரம் நட்டு, வேலி போட்டு, பூங்கா என்றார்கள். மழை பெய்தால் மட்டும் மண்ணுக்குத் தன் பழைய தொழில் ஞாபகம் வந்து, மணக்கும்.

நடுவில் நீரூற்று. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டியபோது நீ மட்டும் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். “மச்சான், பின்னாடி டேங்கர் லாரி நிக்குது. லாரி போச்சுன்னா ஊத்தும் போய்டும்” என்றாய். இரண்டும் சேர்ந்தே போயின.

தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரித்தவன் நீ. மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும், புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவாமல் எந்தத் தோலையும் பாஸ் பண்ணியதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தானே வாங்குவாய்?

இன்று மதியம் பூங்கா வாசலில் ஷூ கம்பெனி செல்வி சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் உட்கார்ந்து சாப்பிட, கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே நிழல் அந்தப் புங்க மரம்தான்.

“இன்னாண்ணா, இவங்க அழகு பண்ற வரைக்கும் நாங்க நின்னுக்கினே துண்ணணுமா? மரத்துல கை வெக்க மாட்டாங்கல்ல?”

நீ செய்வதைச் செய்தேன். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ‘வாகன நிறுத்துமிடம். நுழைவாயில்.’ பக்கத்தில் அழகாக ஒரு கார் படம்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். “அது பழைய தகரம் சார். வேற ஊருக்கு எழுதனது, வேஸ்ட்டாப் போவுதேன்னு திருப்பி மாட்டிக்கினோம். இன்னா சார் நீங்க, எல்லாத்துக்கும் சந்தேகப்பட்டுக்கினு!”

நியாயமான பதில். இவ்வளவு சிக்கனமா என்று மெச்சக்கூடத் தோன்றியது. செல்வியும் “வாண்ணா, பேஜாரு” என்று கிளம்பினாள். போகிற போக்கில், உன் பழக்கதோஷம், பலகையின் இரண்டு பக்கத்தையும் தடவினேன்.

முன்பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. பின்பக்கத்து மஞ்சள் பெயிண்ட் விரலில் ஒட்டியது.

விரலைச் செல்வியிடம் காட்டினேன். “மனு எழுதுண்ணா. எங்க கம்பெனி லைன்ல மொத்தப் பேரும் கையெழுத்துப் போடுறோம்” என்றாள்.

திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போகிறோம். மனு வாங்கியதற்குச் சீட்டு தருவார்கள். தந்தால், புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். மனு எடுபடாமல், அவர்கள் பலகையைத் திருப்பி மாட்ட வந்தால், அன்று நான் அந்த மரத்தடி பெஞ்சில் இருப்பேன். உன் இடத்தில் செல்வி டப்பாவைத் திறந்து வைத்திருப்பாள். இது சத்தியம்.

நீ நம்ப மாட்டாய், கடிதத்தைப் புரட்டுவாய். அங்கே எழுத்து ஒன்றுமில்லை, என் விரல் ரேகை மட்டும் இருக்கும், மஞ்சளாக.

உன் மச்சான்,
ஏகாம்பரம்