ஆட்டோவில் செய்த ஒளு

மாப்ள,

நேற்று சாயங்காலம் இரண்டு பேர் நம் பஞ்சர் கடைக்கு வந்தார்கள். சூடான ரப்பர் வாடைக்கு நடுவே நான் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் அதன்மேல் அரிவாளை வைத்தான். “அண்ணே, நாளைக்குக் கோர்ட்டுல வாயத் தொறந்தீங்க, பாய்க்கு நடந்ததுதான் உங்களுக்கும்.” பாய் என்று அவன் சொன்னது உன்னைத்தான். அண்ணே என்று மரியாதை வேறு, எடுபட்ட பயல்கள்! டியூப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ரப்பர் வாடை வந்தாலே நீ நினைவுக்கு வந்துவிடுகிறாய். கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டால், உடனே இரண்டு ரக்அத் தொழுதாக வேண்டும் உனக்கு. லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்துவான். நான் ஏசுவேன்.

“நபியோட தோழர் பிலால் அப்படித்தான் தொழுவாங்க மாப்ள” என்பாய். “ அடிமையா இருந்தவங்க. சுடுமணல்ல கெடத்தி நெஞ்சுல பாறாங்கல்ல ஏத்தியும், அல்லா ஒருத்தன்தான்னு சொன்னவங்க. அவங்க செருப்புச் சத்தத்த சொர்க்கத்துல கேட்டேன்னு நபி ரசூலுல்லா சொன்னாங்கடா. எதுக்கு? இந்த ரெண்டு ரக்அத்துக்கு.”

“மொதல்ல லாரிக்காரன் சத்தத்தக் கேளு” என்பேன்.

அது நடந்த அன்று மத்தியானம் ஓர் ஆள் வண்டியூர்ப் பக்கமிருந்து ஓடிவந்து நம் டயர்களுக்குப் பின்னால் விழுந்தான். துரத்திக்கொண்டு மூன்று பேர், அரிவாளோடு. நீ டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றாய். “கடைக்குள்ள வந்தவனத் தொடாதீங்கடா!” முதல் வெட்டு உன் தோளில் இறங்கியது. நீ திருப்பி அடித்ததில் ஒருவனின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த வெட்டு கழுத்தோரம். நான் சுத்தியலால் ஒருவன் முழங்காலை உடைத்தேன். அலறினான். இன்னும் ஓங்கி அடித்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. அவனை இழுத்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள்.

ஆட்டோவில் உன் தலை என் மடியில். என் கைலியெல்லாம் ரத்தம்.

“ரத்தம் வந்துருச்சு, ஒளு முறிஞ்சு போச்சு. தண்ணி ஊத்து மாப்ள.”

“பேசாம கெடடா, ஆஸ்பத்திரி வந்துருச்சு.”

“ஊத்துடா.”

பாட்டில் தண்ணீரை ஊற்றி முகத்தையும் கைகளையும் நானே கழுவிவிட்டேன். ஈரக்கையால் தலையைத் தடவினேன். காலைக் கழுவினேன். கழுவக் கழுவ ரத்தம் வந்துகொண்டே இருந்தது, பாவி மனுஷா! கண்ணை மூடினாய், உதடு அசைந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அந்த அசைவும் நின்றிருந்தது. இரண்டு ரக்அத்தையும் முடித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ காப்பாற்றிய ஆள் சாட்சி சொல்ல மறுத்துவிட்டான். உன்னைப் பார்த்ததே இல்லையாம்! சட்டையைப் பிடித்து அறைந்தேன். அழுதான்; ஆனாலும் வரமாட்டானாம். இனி நான் ஒருவன்தான்.

என் வீட்டுக்காரி காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எனக்கும் பயம்தான் மாப்ள, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் இன்று கோர்ட்டுக்குப் போகிறேன். நீ யாரென்றே தெரியாத ஒருவனுக்காக வெட்டு வாங்கினாய். நான் உனக்காகத்தானே போகிறேன்.