இளவரசனின் தழும்பு

வியாழன், இரவு

புதூர்நாட்டுக்குப் போகும் ஜீப் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். காத்திருந்த நேரம் முழுக்க நானும் ஸ்டெல்லாவும் எங்களுக்குப் பிடித்த டிராகன் இளவரசன் கதையைத்தான் பேசினோம். ஐந்து புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படித்தவர்கள் நாங்கள். அதை வைத்து எடுத்த படங்களை மட்டும் நான் தனியாகத்தான் பார்த்தேன். எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை.

"அப்டி இன்னாடி பிடிவாதம்?" என்றேன்.

"படத்தப் பாத்தா இளவரசன் மூஞ்சி மாறிடும்டி. எனக்கு இப்ப இருக்குற மூஞ்சியே போதும்."

"எப்டி இருப்பான் உன் இளவரசன்?"

"கறுப்பா, ஒல்லியா. எடது புருவத்துல ஒரு தழும்பு. சிரிப்ப அடக்கவே தெரியாது."

புத்தகத்தில் தழும்பே கிடையாது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது காட்டு என்று சண்டை போட்டேன். அவள் முகத்தைத் திருப்பி ஜீப்புக்கு வெளியே பார்த்தாள்.

இரவு சாப்பிடும்போது அண்ணன் எதற்கோ சிரித்தான். பலாமரத்திலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு, இடது புருவத்தில். எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

இவனுக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடிக்கு இவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். துணைக்கு ஸ்டெல்லாவையும் நான்தான் கூப்பிட்டேன். படத்துக்கு வராதவள், இதற்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.