முரண்பாடு களையப்பட்டது

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் இனிகோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அனிஷாவும் பிள்ளையும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அப்பாதான் கட்டுக்குள் இல்லை. மருத்துவர் காலையில் நடக்கச் சொன்னார், இவர் டீக்கடை வரை நடக்கிறார், திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பஜ்ஜியின் திருப்தி தெரிகிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை, வந்தபின் தெருவே கத்திச் சொல்கிறது. மற்றபடி ஊர் அப்படியேதான் இருக்கிறது.

போனில் நீ ஒவ்வொரு முறையும் பென்ஷன் திருத்தம் என்னம்மா ஆச்சு என்று கேட்டாய், நான் ஒவ்வொரு முறையும் லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. திருத்தம் வந்துவிட்டது. எனக்கு இல்லை, நர்கீஸ் அத்தைக்கு.

உனக்கு விவரம் பாதிதான் தெரியும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நானும் நர்கீஸும் வத்தலக்குண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே வருஷம் நர்ஸாகச் சேர்ந்தோம், நான் சில மாதம் முன்னால், அவள் பின்னால். கிறிஸ்துமஸ் ராத்திரி என் டூட்டியை அவள் பார்ப்பாள், பெருநாள் அன்றைக்கு அவள் டூட்டியை நான் பார்ப்பேன், ஓய்வு பெறும்வரை அப்படியே ஓடியது. ஒரே பதவியில் பல வருஷம் இருந்ததற்காக எங்களுக்குச் சிறப்பு நிலை கொடுத்தபோது எனக்குப் பழைய சம்பள விகிதத்தில் கொடுத்தார்கள். அவளுக்கு முறை வருவதற்குள் புதிய விகிதம் வந்துவிட்டது. பின்னால் சேர்ந்தவளுக்கு என்னைவிட ஒரு படி கூடுதல், அது அப்படியே பென்ஷனிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குள் இது ஒரு கேலிப்பேச்சு, அவ்வளவுதான். அவள் டீ வாங்கிக் கொடுக்கும்போதெல்லாம் இது அந்த ஒரு படியிலிருந்து வருது, குடிக்கா என்பாள்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோதுதான் இந்தக் கேலி உன் காதில் விழுந்தது. சீனியருக்கு ஜூனியரைவிடக் குறைச்சலா இருந்தா சரிசமமா ஏத்தணும்னு ரூல் இருக்கும்மா, விடக் கூடாது என்று நீ சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தாய். கூடுதலாக வாங்கும் ஜூனியர் ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டால்தான் மனு செல்லும் என்றும் சொன்னாய். நான் தயங்கினேன், கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்கீஸ்தான் தயங்கவில்லை. ஊர்ல எவ பேரையோ எதுக்கு அப்பு தேடுறே, எம் பேரையே எழுது, எங்கிட்ட அம்புட்டுத் தாளும் பத்திரமா இருக்கு என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் தன் ஓய்வூதிய ஆணையையும் சம்பள நிர்ணயத் தாளையும் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தாள். நீ படம் எடுத்து மனுவோடு சேர்த்து அனுப்பினாய். உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உத்தரவு தபாலில் வந்தது. அரசாங்கத் தமிழில் ஒரே வாக்கியம், மூச்சு விட இடமில்லை. மனுதாரர் சுட்டிக்காட்டிய ஊதிய முரண்பாடு ஆய்வு செய்யப்பட்டதில் இளையவருக்கு ஊதியம் கூடுதலாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, அது உரியவாறு குறைக்கப்பட்டு, முரண்பாடு களையப்பட்டது என்று இருந்தது. நான் கடைசிச் சொல்லை முதலில் படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நடுவில் இருந்ததைப் படிக்காமலே தெருமுனை வரை போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் இருவரும் உட்கார்ந்து முழுசாகப் படித்தோம்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன், எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அவர்களும் பாவம். பிரிவுக் கண்காணிப்பாளர் பழனிக்குமார் நல்ல மனிதர், எழுந்து நின்று உட்காருங்க சிஸ்டர் என்றார். நீங்க கேட்டது என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு, இப்ப ஒரே மாதிரி இருக்கா இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். அப்பறம் என்ன சிஸ்டர் என்றார். என்னை ஏற்றச் சொன்னேன், அவளை இறக்கச் சொல்லவில்லை என்றேன். அவர் அதற்கும் கோபப்படாமல், ஏத்தணும்னா ஃபைல் மெட்ராஸ் வரைக்கும் போகணும், நிதித்துறையில கேள்வி கேப்பாக, வருஷக்கணக்காகும், இறக்குறதுன்னா நம்ம ஆபீஸ்லயே முடிஞ்சிரும், வயசான காலத்துல உங்களுக்கு அலைச்சல் வேணாம்னுதான் என்றார். இந்த நர்ஸுக்குக் காய்ச்சல், பக்கத்தில் இருப்பவளுக்கு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் இவர் மாத்திரை தேடி அலையாமல் அவளுக்கும் காய்ச்சல் வரவழைத்திருப்பார், அதையும் என்மேல் உள்ள அக்கறையில்தான் செய்திருப்பார்.

குறைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமாகக் கூடுதலாக வாங்கியது என்று ஒரு தொகை போட்டு, அதை அவள் பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலையில் இருந்தபோது அந்தக் கூடுதல் சம்பளத்துக்கு அவள் வருமான வரி கட்டியிருக்கிறாள். வாங்கியிருக்கக் கூடாத சம்பளம் என்றால் அதற்குக் கட்டிய வரியையாவது கழிக்கலாமே என்று நம் கணக்காளர் செபஸ்தியானிடம் கேட்டேன். அது வேற டிபார்ட்மென்ட்டுக்கா, பழைய வருஷக் கணக்கெல்லாம் மூடியாச்சு, இனிமே திறக்க முடியாது என்று கையை விரித்தான். ஆக, அரசாங்கம் வரியாக எடுத்துக்கொண்ட பணத்தையும் சேர்த்து அவள் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் நிறையப் படித்தவள் என்று நீ கேலி செய்வாய், இப்படி ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பூட்டுப் பட்டறையை மூடிவிட்டார்கள், வீட்டுக்கு வருமானம் இந்தப் பென்ஷன் மட்டும்தான். உத்தரவு வந்தபின் அவள் என் போனை எடுக்கவில்லை. பேகம்பூரில் அவள் வீட்டுக்கு நேரிலேயே போனேன். அவளேதான் அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பையனை நிறுத்திவிட்டாளாம், நர்ஸ் வேலை பாத்தவதானே, நானே செஞ்சுக்கிறேன் என்றாள். அந்தப் பயிற்சி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வலியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உன் மேல கோவம் இல்லக்கா என்றாள். அவர் காலை இறக்கி வைத்துவிட்டு, இல்லன்னு சொன்னா பொய்யி, இருக்கு, கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டும் என்றாள். டீ போடவில்லை.

இதன்பின் நான் மனுவை வாபஸ் வாங்கப் போனேன். பழனிக்குமார் இந்த முறையும் எழுந்து நின்றார். ஜெயிச்ச மனுவ யாராச்சும் வாபஸ் வாங்குவாகளா சிஸ்டர், உங்களுக்குச் சாதகமா முடிஞ்ச ஃபைலு, மூடி ரிக்கார்டு ரூமுக்குப் போயிருச்சு என்றார். எனக்கு என்ன சாதகம், ஒரு ரூபாய் ஏறவில்லையே என்றேன். மனசுக்கு ஒரு திருப்தி இருக்கும்ல என்றார். அவர் கேலி செய்யவில்லை இனிகோ, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதிக்கப்பட்டவங்க வேணா மேல்முறையீடு போடலாம் என்று வழியும் சொன்னார். அதற்கு நர்கீஸ் தன்னைவிடக் கூடுதலாக வாங்கும் ஒரு ஜூனியரின் பெயரைக் குறிப்பிட வேண்டுமாம்.

அப்படி ஒருத்தி இருக்கிறாள், பொன்னழகு. எங்கள் இருவருக்கும் பின்னால் சேர்ந்தவள், போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள், இப்போது நர்கீஸைவிட அவளுக்குத்தான் கூடுதல். விவரத்தை நர்கீஸிடம் போய்ச் சொன்னேன். நீ எம் பேரை எழுதுனே, நான் பொன்னழகு பேரை எழுதணும், அவ இன்னொருத்தி பேரை எழுதுவா, கடைசில நேத்துச் சேந்த பிள்ளை சம்பளத்துல எல்லாரும் வந்து நிப்போமாக்கும், என்னால ஏலாதுக்கா, பிடிச்சா பிடிச்சிட்டுப் போறாக என்றாள். அந்தப் பெயரை எழுதினால் ஒருவேளை அவள் பணம் திரும்பியிருக்கும். மாட்டேன் என்றவளிடம் எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் வக்கீல் ஸ்தனிஸ்லாஸிடம் அழைத்துப்போனேன், அப்பாவோடு கோயில் பங்குப் பேரவையில் இருக்கிறாரே, அவர்தான். ஓய்வு பெற்றவரிடம் அலுவலகத்தின் தவறுக்காகப் பணம் பிடிக்கக் கூடாது என்று ஏற்கெனவே தீர்ப்புகள் இருக்கின்றன, மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையில் போட்டால் நிறுத்திவிடலாம் என்றார். நர்கீஸ் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி பார்த்தேன். ஆனால் ஒரு சிக்கல் என்றார். யார் கொடுத்த மனுவின் மேல் உத்தரவு போடப்பட்டதோ அவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வழக்கு நிற்காதாம். செயலாளர், இயக்குநர், கருவூல அதிகாரி, நான்காவதாக உன் அம்மா. கோர்ட் வாசலை மிதித்த பரம்பரையா நாம். வக்கீல் நர்கீஸிடம் உங்களுக்குச் சம்மதமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவள் யோசிக்கவே இல்லை. மத்த மூணு பேரைக்கூட விட்டுருங்க சார், இவுகளை மட்டும் விட்டுராதீங்க என்றாள். உத்தரவு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், என் தலைக்கு மேல் வழக்குத் தொங்குகிறது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முந்தாநாள் மனுவில் கையெழுத்துப் போடப் போனோம். வக்கீல் வீட்டுப் பெண் டைப் செய்து வைத்திருந்தது, நர்கீஸுக்குக் கண்ணில் புரை, என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். என்மேல் போடும் வழக்கை நானே முழுசாக வாசித்தேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான் அவ்வளவு பொல்லாதவள் என்று எனக்கே தெரியாது. முகவரியில் மட்டும் பழைய நர்ஸ் குவார்ட்டர்ஸைப் போட்டிருந்தார்கள், அதை இடித்துப் பல வருஷம் ஆயிற்று. அங்கே நோட்டீஸ் போனால் எனக்கு வந்து சேராது, வழக்கு தள்ளிப்போகும், அதுவரை பிடித்தம் நடக்கும் என்று சொன்னேன். நர்கீஸ் பேனாவை வாங்கி, நான் சொல்லச் சொல்ல அடித்துவிட்டு நம் வீட்டு முகவரியை எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள். இந்த ஒரு வருஷத்தில் நான் கேட்டு, கேட்ட இடத்திலேயே, கேட்டபடி நடந்த திருத்தம் அது ஒன்றுதான்.

நீ இன்னொரு மனு தயார் செய்வதாக அப்பாவிடம் சொன்னாயாம். வேண்டாம் ராசா, உன் கையைக் கட்டிவைத்துக்கொள், அனிஷாவிடம் சொல்லி லேப்டாப்பை எடுத்து வைக்கச் சொல். நர்கீஸ் அத்தைக்கு மட்டும் போன் போட்டுப் பேசு. மன்னிப்பெல்லாம் கேட்டு அவளை அழவைக்காதே, மாமாவுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேள், போதும். பிள்ளைக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்காதீர்கள். ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குறையும் அண்டாமல் காப்பார்களாக.

என்றும் உன் நினைவாக,
அம்மா
அல்போன்சா ராயப்பராஜ்