கடைசிக் கட்டத்தின் வெளிச்சம்

ஒசாகா
28 மார்ச் 1999

மினோரி அம்மாவுக்கு,

ஒனோமிச்சியில் குளிர் விட்டதா? உன் இருமல் தேவலையா? ஈரத் தலையோடு கடல் காற்றில் நிற்காதே என்றால் கோபப்படுவாய். பிரிந்து வந்த பிறகும் என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். மூன்று வருடமாக நான் வேலை செய்த வீடியோ விளையாட்டு இப்போது கடைகளுக்கு வந்துவிட்டது. அதில் வரும் மின்னல், தீ, வெடிப்பு எல்லாம் என் கைவேலை. படித்ததும் முகம் சுளிப்பாய். அன்று டிவி முன்னால் மினோரி கை கால் இழுத்துக்கொண்டு விழுந்ததை நேரில் பார்த்தவள் நீ. வெளிச்சம் விட்டு விட்டு வேகமாக அடித்தால் இவளுக்கு வலிப்பு வரும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மின்னலையும் உட்கார்ந்து மங்கலாக்கினேன்.

இயக்குநர் குரோகி கத்தினார். "யாரோ நாலு பேருக்கு வலிப்பு வரும்னு எல்லாருக்கும் மின்னலை மழுங்கடிப்பியாய்யா?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தி என் பொண்ணு சார்" என்றேன். "செஞ்சு தொலை" என்று எழுந்து போய்விட்டார்.

விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து விளையாடட்டும். தைரியமாகக் கொடு.

யசுனாரி


ஒனோமிச்சி
18 ஏப்ரல் 1999

மினோரி அப்பாவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. ஒரு வாரம் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. உங்கள் மகள் விடுவாளா? "அப்பா எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சதும்மா. கண்ட கடையில வாங்கினதா என்ன?" என்று பின்னாலேயே சுற்றினாள். முதல் நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை உறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் இருந்தால் பாவம்.

உயர்நிலைப் பள்ளி நுழைவு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அவள் கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பழகிவிட்டது, அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஒவ்வொரு நெருப்பையும் காட்டி, "இது அப்பா போட்டது" என்கிறாள். கடைசிக் கட்டம் முடிந்தால் உங்கள் பெயர் திரையில் ஓடுமாமே? "அதைப் பாத்துட்டுதான் போன் பண்ணுவேன், அதுவரைக்கும் பேச மாட்டேன்னு எழுதும்மா" என்றாள். எழுதிவிட்டேன்.

மினோரி அம்மா


ஒசாகா
16 மே 1999

தோமோயோ,

மினோரியின் இறுதிச் சடங்கன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ மீன் வாங்கிவிட்டுத் திரும்பியபோது அவள் வலிப்பு வந்து, திண்டில் முகம் புதைந்து மூச்சில்லாமல் கிடந்தாள் என்பதை உன் அண்ணன்தான் சொன்னார். திரையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொன்னார்.

கடையில் விற்கும் வட்டு ஒன்றை வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். நான் மங்கலாக்கியது அங்கே இல்லை. திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வெட்டுகின்றன. அச்சுக்குப் போகும் முன் குரோகி என்னிடம் சொல்லாமல் பழைய காட்சியை எடுத்துப் போட்டிருக்கிறார்.

"முடிவு சப்புனு இருந்துச்சுப்பா. கையேட்டுலதான் எச்சரிக்கை போட்டிருக்கோமே" என்றார். அவர் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள்.

நான் வெளியே பேசாமல் இருந்தால் ஜூலையில் வரும் இரண்டாம் அச்சில் அதை மாற்ற விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பேசினால் என்னைத் துரத்திவிடுவார்கள், மாற்ற ஆளும் இருக்காது. அதுவரை பொறு. யாரிடமும் சொல்லாதே.

யசுனாரி


ஒனோமிச்சி
22 மே 1999

மினோரி அப்பாவுக்கு,

ஜூலையில் மாற்றுவீர்கள், சரி. ஏற்கெனவே விற்றதை என்ன செய்வீர்கள்?

நம் தெருச் சரிவில் இறங்கினால் ஒரு கடையில் அதை இன்னும் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய், "இதை விக்காதீங்க" என்றேன்.

"கம்பெனி சொல்லுச்சா, போலீஸ் சொல்லுச்சா?" என்றார் கடைக்காரர். பிறகு நான் யார் என்று புரிந்துகொண்டு தேநீர் கொடுத்தார். நான் அங்கே இருக்கும்போதே ஒருவர் அதை வாங்கிப் போனார்.

நான் சொன்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் புலம்பல். நீங்கள் சொன்னால் நம்புவார்கள், செய்தவரே நீங்கள்தானே. நம்மைப் போல இன்னொரு வீட்டில் எந்தப் பிள்ளை கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறதோ. இந்தக் கடிதம் கிடைத்ததும் போய்ச் சொல்லுங்கள். உங்களிடம் நான் வேறு எதுவும் கேட்கப் போவதில்லை.

மினோரி அம்மா


ஒசாகா
13 ஜூன் 1999

மினோரி அம்மாவுக்கு,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். நான் பேசிவிட்டேன். என் பெயரையும் போடச் சொன்னேன். கடைகளிலிருந்து வட்டுகளைத் திரும்ப எடுக்கிறார்கள். எனக்கு வேலை போய்விட்டது, அதற்காக வருந்தவில்லை.

போன வாரம் வடக்கே செண்டாய் நகரில் ஒரு கல்லூரி மாணவன் அதே கடைசிக் கட்டத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். தகவல் வந்தபோது குரோகி, "ஜூலை வரைக்கும் வாயைத் திறக்காத" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை. வட்டை எப்படியாவது என் கையாலேயே சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். நம்பு.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வரட்டுமா? ஊதுவத்தி ஏற்றிவிட்டு உடனே கிளம்பிவிடுகிறேன். நீ பேச வேண்டும் என்று இல்லை.

யசுனாரி


ஒனோமிச்சி
17 ஜூன் 1999

யசுனாரி அவர்களுக்கு,

நேற்று செண்டாயிலிருந்து அந்த மாணவனின் அம்மா போன் செய்தார். எங்கள் எண்ணை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். மகன் இன்னும் கண் திறக்கவில்லையாம். முதலில் மினோரியைப் பற்றிக் கேட்டார், இருவரும் அழுதோம். பிறகு கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு இது எப்பத் தெரியும்?"

மே மாதமே தெரியும் என்றேன். எனக்கும் தெரியும் என்றேன்.

அவர் திட்டவில்லை. போனை வைத்துவிட்டார்.

சடங்குக்கு வராதீர்கள். ஊதுவத்தியை நான் ஏற்றிக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் செண்டாய்க்குப் போங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நில்லுங்கள். நான் அடுத்த வாரம் அங்கே போகிறேன், தனியாக.

இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

தோமோயோ