ஓடிப்போனவனின் சாட்சி

சிதம்பரம்
5.7.2010

அன்புள்ள தேவா,

விடுதியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போன தேவாவுக்கு இதை எழுதுகிறேன். போனில் கேட்கலாம் என்றால், உன் சபைக்காரர் யாராவது எடுத்து, “பாஸ்டர் ஐயா உபவாசத்துல இருக்காங்க” என்கிறார். கடிதத்தையாவது நீயே பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

பிசாசிடமிருந்து தப்பியதாக நீ மேடையில் சொன்ன சாட்சியைப் பார்த்தேன். கடலூர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிறதாமே, அதே சிடி இங்கே எங்கள் சபைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறாய்! 2004இல் விடுதி அறையில் நாம் ஆடிய கதை விளையாட்டை நீ சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்துவிட்டது. மண்டையோடு பொறித்த பகடையாம், கறுப்பு மெழுகுவர்த்தியாம், மந்திரப் புத்தகமாம். அடேய், நம்மிடம் பகடையே கிடையாது. உன் சோப்பு டப்பாவில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். புத்தகம் என் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஆட்ட விதிகளின் ஜெராக்ஸ். நான் கதை சொல்வேன், அதில் நீ வீரன், நம் அறைத்தோழன் இளவரசு திருடன். குகைக்குள் போவதா வேண்டாமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவோம். அதில் பிசாசு எங்கே வந்தது?

என்னைச் ‘சாத்தானின் ஏஜெண்ட்’ என்றாயே, அதைக்கூட விடுகிறேன். இளவரசு பெயரை ஏன் சொன்னாய்? ‘செம்மங்குப்பத்து வாலிபன்’ என்று ஊரையும் சேர்த்துச் சொல்கிறாய். அவனுக்குள் பிசாசு புகுந்து நுரை தள்ளினானாம், நீ இயேசுவின் நாமத்தில் அதைத் துரத்தினாயாம். அவனுக்கு வந்தது வலிப்பு. அது உனக்கு நன்றாகத் தெரியும். அவன் தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். நீ ஓடிப்போய்விட்டாய்.

வருகிற ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் வினோதினி. அவள் அப்பா கலியமூர்த்தி உங்கள் செம்மண்டலத்தில்தான் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதை இளவரசு பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டான். “எங்க மச்சானுக்கும் இருந்துச்சு தம்பி, சரியாப் பூடுச்சி” என்று சொல்லித் தட்டு மாற்றிக்கொண்ட மனிதர் அவர். இப்போது கேபிளில் உன் சாட்சியைப் பார்த்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்து இளவரசு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “வியாதின்னா பாத்துக்கலாம். பேய் புடிச்சவனுக்கு எப்பிடிப்பா பொண்ணக் குடுக்குறது?”

நான் போய் நடந்ததைச் சொன்னேன். “நீயும் அந்த ஆட்டத்துல இருந்தவன்தான, ஒன் பேச்ச எப்பிடி நம்புறது? அந்தப் பாஸ்டரே வந்து சொல்லட்டும்” என்றார்.

போய்ச் சொல். உன் சபையிலிருந்து நடந்தே போகலாம்.

சார்லஸ்


செம்மண்டலம், கடலூர்
14.7.2010

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரன் சார்லஸுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தை என் மனைவி பிரிசில்லாவும் வாசித்தாள். “ஒங்க ஃப்ரெண்டுக்கு ஏன் இவ்ளோ கோவம்?” என்று கேட்டாள். உனக்காகவும் இளவரசுக்காகவும் பாரத்தோடு ஜெபிக்கிறோம்.

நீ அதை விளையாட்டு என்கிறாய். எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. அந்தக் கதையில் நான் கோயில் காக்கும் வீரன். இல்லாத ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் காயங்களை ஆற்றுவேன். என் வாயால் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன், நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்கு வாய் கசந்தது, அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கொடுத்த வேதாகமம் பெட்டிக்கு அடியில் கிடந்தது, உன் ஜெராக்ஸ் என் தலையணைக்கு அடியில் இருந்தது. மந்திரவாதத்தை நிஜத்துக்குச் செய்தால் பாவம், வேடிக்கைக்குச் செய்தால் பரவாயில்லை என்று வேதம் எங்கே சொல்கிறது? முதலில் கூச்சம் போகும். கூச்சம் போன பிறகு பயம் போகும். தேவபயம் போன வீட்டில் யார் வந்து உட்காருவான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பகடையும் மெழுகுவர்த்தியும் ஜனங்களுக்கு விளங்குவதற்காகச் சேர்ந்தவை. விடுதலை பெரிது என்று காட்ட வேண்டுமானால் பிசாசின் கட்டு எவ்வளவு பெரிது என்று காட்ட வேண்டும், வேதாகமக் கல்லூரியில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். இந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் எங்கள் சபை அமிர்தம் அம்மாவின் மகன் குடியை விட்டான். அதையும் பொய் என்பாயா?

நான் ஓடவில்லை. ஜெபிக்க வெளியே போனேன். வராந்தாவில் நின்று ஜெபித்தேன், உள்ளே அவன் அமைதியானான். டாக்டர் அதை வலிப்பு என்று சொல்லட்டும். சரியாக அந்த விளையாட்டின் நடுவில் அதைக் கொண்டுவந்தது யார்?

ஓர் ஊழியக்காரன் தன் சாட்சியைத் தானே மறுத்தால் மந்தை சிதறிப்போகும். என்னை அந்த இடத்துக்குத் தள்ளாதே.

கர்த்தரின் பணியில்,
தேவசகாயம்


சிதம்பரம்
20.7.2010

தேவா,

வராந்தாவிலா? மெஸ் வாசல் வரைக்கும் ஓடினாய், அதுவும் ஒற்றைச் செருப்போடு. அவன் கண் விழித்து முதலில் கேட்டதே, “தேவா எங்கடா, பயந்துட்டானா?” என்றுதான். உன்னை நான் அன்றைக்குக் கேலிகூடச் செய்யவில்லை. பயம் யாருக்கும் வரும்.

வாய் கசந்தது என்று எழுதியிருக்கிறாய் பார், அதை நம்புகிறேன். அதை அன்றே சொல்லியிருந்தால் அந்தச் சீட்டுகளை நானே குப்பையில் போட்டிருப்பேன். உன் மனசாட்சிக்கு ஒப்பாததை நீ ஆடக் கூடாது, அது சரி. அந்தக் கசப்பை மேடையில் சொல், முன்வரிசையில் உட்கார்ந்து நான் ஆமென் சொல்கிறேன். ஆனால் நீ அதைச் சொல்லவில்லையே! சின்ன விஷயம், கூட்டம் அழாது. அதனால் இளவரசுவைத் தூக்கிப் போட்டுவிட்டாய்.

நானும் ஞானஸ்நானம் எடுத்தவன்தான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவன்தான். இல்லாத எஜமானையும் இல்லாத வேலைக்காரனையும் வைத்து ஆண்டவரே எத்தனை கதை சொன்னார்! கதையைக் கதை என்று தெரியும்படி சொன்னார். நாங்களும் ஆட்டம் முடிந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டோம். நீதான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதே வீரன் வேஷம், அதே குகை. பேயை மட்டும் உயிரோடு இருக்கிற ஒருவன் உடம்பில் ஏற்றிவிட்டாய். பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சியைப் பற்றி ஒன்று இருக்கிறதே, அதை உங்கள் கல்லூரியில் நடத்தினார்களா?

இளவரசுவோடு ஷிப்டில் தனியாக நிற்க மாட்டேன் என்று கம்பெனியில் ஒருவன் சொல்லிவிட்டானாம். இதை என்னிடம் சொல்லும்போது இளவரசு சிரித்தான். எனக்கு அங்கேயே உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

நம் கதையில் நீ ஒருத்தனையும் விட்டுவிட்டு ஓடியதில்லை. “நீங்க போங்க, நான் நிக்கிறேன்” என்பாய். இப்போது ஒருமுறை நில். கலியமூர்த்தியிடம், ‘அது வலிப்பு, பேய் இல்லை’ என்று மட்டும் சொல். நீ ஓடியதைச் சொல்லக்கூட வேண்டாம்.

சார்லஸ்


செம்மண்டலம்
9.8.2010

பிரியமான சார்லஸுக்கு,

சபை மூப்பர்களோடு பேசினேன். இனி சாட்சியில் இளவரசுவின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் ‘ஒரு வாலிபன்’ என்று மட்டும் சொல்வேன். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது. கலியமூர்த்தி வீட்டுக்குப் போனால் அதுவே தெருவில் பேச்சாகும். “பாஸ்டரே பொய்யாமே” என்பார்கள். என் ஒருவனுடைய பெயராக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், இது கர்த்தருடைய நாமத்தின் மகிமை.

அந்தக் கல்யாணத்துக்காக உபவாச ஜெபத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். நீ விசுவாசத்தோடு காத்திரு.

தேவசகாயம்


செம்மண்டலம்
1.11.2010

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சார்லஸுக்கு,

ஸ்தோத்திரம்! நீ பதில் எழுதாவிட்டாலும் நான் நல்ல செய்தியோடு எழுதுகிறேன். இளவரசுவுக்கும் வினோதினிக்கும் கல்யாணம் முடிந்துவிட்டதாக அமிர்தம் அம்மா வந்து சொன்னார்கள். உபவாச ஜெபத்துக்குப் பதில் எவ்வளவு சீக்கிரம் வந்தது பார்த்தாயா?

டிசம்பரில் எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டம். பிசாசின் கையில் கிடந்த வாலிபன் இன்று மணவாளனாக நிற்கிறான் என்று சாட்சியை முடிக்க ஆண்டவர் என்னை ஏவுகிறார். பெயர் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் போட்டோ ஒன்று இருந்தால் திரையில் காட்டலாம். உன்னிடம் இருக்கும். அனுப்புவாயா? இதோடு நம் மனஸ்தாபமும் தீரட்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா, பிரிசில்லா உன்னைக் கட்டாயம் கூப்பிடச் சொன்னாள்.

உன் தேவா


சிதம்பரம்
6.11.2010

பாஸ்டர் தேவசகாயம் அவர்களுக்கு,

போட்டோ தர மாட்டேன். கல்யாணம் எப்படி நடந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வினோதினி ஒருநாள் பஸ் ஏறி சிதம்பரத்துக்கு என் வீட்டுக்கே வந்தாள். “அன்னிக்கி என்னதான் நடந்துது, மறைக்காம சொல்லுங்க” என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். “அப்ப நீயே கட்டிக்கோ, நான் வர்ல” என்றுவிட்டார் கலியமூர்த்தி. சொன்னபடியே வரவில்லை. தாலி ஏறும் நேரத்திலும் அந்தப் பெண் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா அவர்கள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். உங்கள் உபவாசத்துக்குக் கிடைத்த பதில் இதுதான். வேண்டுமானால் இதைத் திரையில் காட்டுங்கள்.

முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணின் அத்தை என்னைத் தேடி வந்து, “அந்தப் பாஸ்டரு ஒனக்குக் கூட்டாளியாமே தம்பி?” என்று கேட்டார்.

“அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு இப்படித்தான் சொல்லிவிட்டு வெளியே போய் மனங்கசந்து அழுதார். நான் நேராகப் பந்திக்குப் போய், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

சார்லஸ்