கொற்றியின் மகள்

கீரப்பாளையம்
4.8.2024

அறிவழகன் அவர்களுக்கு,

பவானி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியராஜைப் பார்த்தேன். ஆன்லைனில் நம்மோடு ‘ஆழித்துறை’ விளையாடுகிறவர்களில் நான் நேரில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, கயலு என்னமா பேசுது. அதுக்கு மொதமொத தோணி செஞ்சி குடுத்ததே நான்தான்க்கா” என்றார். நான் விழித்ததைப் பார்த்து அவரே போனைத் திறந்து காட்டினார்.

தை மாதத்துக்குப் பிறகு நான் எட்டிக்கூடப் பார்க்காத விளையாட்டில் என் பாத்திரம் கொற்றிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்கு அப்பா உங்கள் பாத்திரம் ஆதன். பெயர், கயல்.

நாம் இரண்டு பேர் மட்டும் காதோடு காதாக வைத்திருந்த பெயர் அது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி, மூச்சில்லாமல் உங்கள் கையில் கொடுத்தார்களே, அவளுடைய பெயர். கெடிலம் ஆற்றங்கரையில் புதைக்கும்போதுகூட அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றீர்கள். இப்போது ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அவளை எடுத்துவிடுங்கள்.

பவானி

*

செம்மண்டலம், கடலூர்
9.8.2024

அன்புள்ள பவானி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், பிரிக்கும் வரைக்கும்.

நீ வராமலே இருந்தால் கொற்றி மங்கி மறைந்துபோவாள். அதற்காகத்தான் உன் பாஸ்வேர்டில் நுழைந்தேன். தினமும் படகில் ஏற்றி இறக்கிவிடுவேன், அவ்வளவுதான். வேலை விட்டு வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. அங்கே அவளாவது நடமாடினாள்.

என் பாடு உனக்குத் தெரியும். விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் நாயகர்களைப் பழைய கதையோடு பொருத்திக் கொடுக்க வேண்டும். வருகிறவன் எல்லாம் ராஜாவின் தொலைந்துபோன மகனாகத்தான் வருவான். ராஜா அத்தனை பிள்ளைகளைத் தொலைக்கவில்லை தம்பி என்று சொல்லி, கதை விட்டுவைத்த இடம் பார்த்து உப்பு வியாபாரியாக உட்கார வைப்பேன். நீகூடச் சிரிப்பாய். அப்படி ஒருவனுக்கு இடம் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. துறைமுகம் எரிந்ததற்கும் சமாதானம் ஆனதற்கும் நடுவில் ஒரு வருஷம் ஒன்றுமே எழுதப்படாமல் கிடக்கிறது. அப்போது கொற்றி எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு குழந்தை பிறக்க அது போதும் பவானி. கதையில் எங்கேயும் இடிக்கவில்லை.

எடுக்க முடியாது. பலர் பார்த்துக் கதையில் ஏறியது அழியக்கூடாது, கதைக்குள் கொடுத்த வாக்கு நடந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டவனே நான். நமக்கு ஒரு மாதம் போனால் அங்கே ஒரு வருஷம். அவளுக்கு நாலு வயசு. இனி சாகடிக்கத்தான் முடியும். இன்னொரு தரம் என்னால் முடியாது.

அறிவு

*

கீரப்பாளையம்
14.8.2024

அறிவழகன் அவர்களுக்கு,

கதையில் எங்கேயும் இடிக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு இடிக்கிறது.

பால் கட்டிக்கொண்டு நான் துடித்த நாளெல்லாம் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தீர்கள். மறக்கப் பார்க்கிறார், பாவம் என்று விட்டுவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை அழுதிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நீங்கள் கேட்கவில்லை.

பவானி

*

செம்மண்டலம்
20.8.2024

பவானி,

நீ சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆதன் அழுதான். எரிந்த துறைமுகத்தில் உட்கார்ந்து அவன் அழுததைப் பார்த்தவர்கள் கதையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் எழுந்துவந்து உனக்குக் கஞ்சி வைத்தேன். உன் முன்னால் உடைந்தால் உன்னை யார் தூக்குவது என்று பயம். அது தைரியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து கொற்றியை நான் தொடவில்லை. கயல் அம்மாவைக் கேட்கிறாள். அவளுக்காகப் பேசுவதும் நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்கிறாள். ஒரே ஒரு நாள் கொற்றியாக வா. பிறகு நீ சொல்வதைக் கேட்கிறேன்.

உன் அறிவு

*

கீரப்பாளையம்
3.9.2024

மாமாவுக்கு,

நேற்று வந்தேன். உங்களுக்கும் தெரியும்.

கயல் மணலில் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள். ஓடும்போது ஒரு கால் உள்ளே மடங்குகிறது, உங்களுக்கு மடங்குகிற மாதிரியே. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, “எங்கம்மா போயிருந்த?” என்றாள். தட்டியது உங்கள் விரல்தான் என்று தெரிந்தும், தலையைத் தடவ ஒரு பட்டன் இருக்கிறதே, அதையே அழுத்திக்கொண்டிருந்தேன். “யாருக்குடி இப்படி அழுவுற?” என்று அம்மா வந்து கேட்டாள். என்னவென்று சொல்வேன்?

அவளைச் சாகடிக்க என்னாலும் ஆகாது. உங்களுக்கு அவள் வேண்டும், இருக்கட்டும். ஆனால் நான் சுமந்த கயலுக்கு வயசு ஏறாது மாமா. மாதம் ஒரு வயசு வளர்கிற இன்னொரு கயலை அந்த வீட்டில் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. இவளைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் கொற்றியைப் படகில் ஏற்றிவிட்டேன். தென்முனைக் கலங்கரை விளக்கைக் காக்க ஆள் இல்லை என்று பழைய கதையில் இருக்கிறது. அங்கே போனவர் திரும்பியதாக எங்கேயும் இல்லை. பொருத்தமாகத்தான் எழுதியிருக்கிறேன். கரையில் நின்று ஆரோக்கியராஜும் மற்றவர்களும் பார்த்தார்கள். இனி அழியாது.

வக்கீல் விவாகரத்துக் காகிதம் அனுப்புவார், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் என்னைக் கெடிலக்கரைக்குக் கூட்டிப்போங்கள். பெண்கள் வரக்கூடாது என்று அன்று விட்டுவிட்டுப் போனீர்கள். அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கயல் என்னைக் கேட்டால் கடலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். வந்துவிடுவாள் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் மாமா. உங்கள் கதையில் அது நடந்தாக வேண்டும்.

பவானி