ஐந்து கட்டங்களிலும் அக்கா

ஏப்ரல் 29, செவ்வாய்

இளம்பரிதியின் சிறப்புப் பள்ளியை இன்றோடு மூடிவிட்டார்கள். இனி ஜூன் இரண்டாம் தேதிதான் திறப்பு. பெற்றோரையெல்லாம் உட்கார வைத்து ஜெயம் டீச்சர் கோடை விடுமுறைக்கு அறிவுரை சொன்னார். மறந்துவிடுவேன், அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

இவனுக்கு வயது ஏழு, பேச்சு வரவில்லை. லீவு என்றால் என்னவென்று புரியாது. நேற்று இருந்தது இன்று இல்லை என்றால் பயந்துவிடுவான். ஆகவே ஒரு நாளை ஐந்து கட்டமாகப் பிரித்து, படம் ஒட்டி, அவன் கண்ணுக்கு நேராகச் சுவரில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அவனோடு இருக்கப்போகிறவர் படமும் வேண்டும். சாப்பாட்டுத் தட்டை மாற்றக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "பெரிய புள்ள இருக்கிற வூட்ல அதுக்கும் தினம் பத்து நிமிஷம் தனியா ஒதுக்குங்க. அது கேக்கலன்னா வேணாம்னு அர்த்தம் இல்ல."

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கவிநிலாவுக்குப் பதின்மூன்று வயது. அவளைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது.

மே 1, வியாழன்

அட்டவணை மாட்டியாயிற்று. குளியல், வண்ணம் தீட்டல், தயிர்சாதம், தூக்கம், மாடியில் தண்ணீர் விளையாட்டு. நான் வேலை செய்யும் தங்கும் விடுதியில் கோடைக் கூட்டம் அலைமோதுகிறது. அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வை நான்தான். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் கருவடிக்குப்பம் வீட்டுக்கு வந்து சேர்கிறேன். வீட்டுக்காரருக்கோ சுற்றுலா வேன் ஓட்டும் வேலை. ஊட்டி என்று போனால் நாலு நாள் கழித்துத்தான் முகம் பார்க்கலாம். ஆகவே ஐந்து கட்டத்திலும் கவிநிலா படம்தான். பள்ளிக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எல்லாத்துலயும் நானாம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

உப்பளம் மைதானத்தில் கைப்பந்துப் பயிற்சி, மே 30 வரை, காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை என்று ஒரு தாள் காட்டினாள். அடுத்த வருஷம் என்றேன். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். தங்கமான பெண்.

மே 5, திங்கள்

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்கா, தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை கொடுத்தாள். சாப்பிடும்போது நான் பெரியவளான கதையைச் சொல்லிச் சிரித்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், பதினோரு நாள் மூலையில் உட்கார வைத்தார்கள். யாரும் கிட்டே வரக் கூடாது.

"தம்பியக்கூடத் தொடக் கூடாதா?" என்றாள் கவிநிலா.

"யாரையும்தான்."

மே 6

அட்டவணை வேலை செய்கிறது! இன்று அவன் ஒரு முறைகூட அழவில்லையாம்.

மே 9, வெள்ளி

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஃபேன் நின்றதும் இளம்பரிதி சுவரில் தலையை முட்டிக்கொண்டானாம். நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. பக்கத்தில் இருக்க வேண்டியவள் எங்கே போனாள்?

"வயிறு வலிச்சுதும்மா. பாத்ரூம்ல இருந்தேன்."

மாம்பழத்தை அப்படித் தின்றால் சூட்டுவலி வராமல் என்ன செய்யும்? மோர் கலக்கிக் கொடுத்தேன். ஆத்திரத்தில், "அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது, உனக்குமா தெரியாது?" என்றும் கேட்டுவிட்டேன். புடைப்புக்கு ஐஸ் வைத்ததும் அவள்தான்.

மே 13

கவிநிலா சிடுசிடு என்று இருக்கிறாள். இந்த வயசு அப்படி.

மே 18, ஞாயிறு

வேலை முடிந்து வந்தால் படிக்கட்டிலேயே அமிர்தவல்லி அக்கா.

"டேங்குக்குப் பின்னாடி ரெண்டு மூணு நாளா துணி கெடக்குது. நம்ம கவி பெரிய மனுஷி ஆயிட்டாளா? ஒரு வார்த்த சொல்லலியேடி."

இல்லையே என்றேன். சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போனேன். என் பழைய பச்சை நூல் புடவை, நான்கு துண்டாக. நன்றாக அலசி, காற்றில் பறக்காமல் மேலே செங்கல் வைத்திருக்கிறாள். காய்ந்து விறைத்துப்போய் இருந்தது.

மே 19, திங்கள்

எப்போது என்று கவிநிலாவிடம் கேட்டேன். தேதி சொல்லத் தெரியவில்லை.

"கரண்ட் போயி தம்பி முட்டிக்கிட்டானே, அன்னிக்கு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பதினோரு நாள் உக்கார வெச்சிடுவீங்க. அவன் யார் மடியில தூங்குவான்? படத்துல எல்லாம் நான்தானே இருக்கேன்."

இந்த நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதி. கரண்ட் போனது எழுதியிருக்கிறேன். புடைப்பு எழுதியிருக்கிறேன். எலுமிச்சை அளவாம்! மாம்பழமாம்! பாவி நான். என் புள்ள கதவைச் சாத்திக்கிட்டு என் புடவையக் கிழிச்சிருக்கா, வெளியில தம்பி முட்டுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே. நான்லாம் ஒரு அம்மாவா?

ஏப்ரல் 29-ஐயும் படித்தேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 20, செவ்வாய்

இவரிடம் போனில் சொன்னேன். "எங்க அக்கா எப்பன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று அதற்குத்தான் தவித்தார். ஊருக்கு 'இன்றுதான்' என்று சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

கவிநிலாவைக் கூப்பிட்டேன். "நீ உக்கார வேணாம். அதெல்லாம் அந்தக் காலம். ஒரு நாள் தண்ணி ஊத்தி முடிச்சிடலாம். எப்பவும் போல இரு" என்றேன். பெரிய மனசோடு சொல்வதாக எனக்கு நினைப்பு.

"இல்லம்மா. உக்காருறேன். பதினோரு நாளும்."

"ஏன்?"

"அந்தப் பதினோரு நாள் யாரும் என்னக் கூப்பிட மாட்டீங்கல்ல?"

விடுதியில் லீவு கேட்டேன். சீசனில் யார் கொடுப்பார்கள் என்றார் மேனேஜர். கொடுக்காவிட்டாலும் வரமாட்டேன் என்றேன்.

மே 22, வியாழன்

அண்ணன் விஜயராகவன் வந்து உள்ளறை வாசலில் பச்சை ஓலை கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தாய்மாமன் முறை. அட்டவணையில் அவள் படங்களை எடுத்துவிட்டு என் படத்தை ஒட்டினேன். இளம்பரிதி ஐந்தையும் பிய்த்துப் போட்டான். ஓலையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கத்துகிறான். உள்ளே சத்தமே இல்லை. அவள் விழித்துத்தான் இருந்தாள், எனக்குத் தெரியும்.

மே 26

இன்று என் மடியில் இருபது நிமிஷம் தூங்கினான். கால் மரத்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் அவள்.

மே 28, புதன்

டீச்சர் சொன்ன பத்து நிமிஷத்துக்காக உள்ளறை வாசற்படியில் உட்காருகிறேன். பகலெல்லாம் அவளுக்குத் தூக்கம், அப்படி ஒரு தூக்கம். மாலையில் எழுந்தால் முதல் கேள்வி, "தம்பி சாப்ட்டானா?"

"அவன உடு. உன்னப் பத்தி ஏதாவது சொல்லு."

வெகு நேரம் யோசித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னப் பத்தி என்னம்மா இருக்கு?"

சமையற்கட்டுக்குப் போய் அழுதேன்.

மே 30, வெள்ளி

பதினோராம் நாள். நாளைக் காலை தண்ணீர் ஊற்ற நாத்தனார் வருகிறாள். மஞ்சள், பாவாடை, தாவணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்களன்று பள்ளி திறக்கிறது.

மாலையில் படியில் உட்கார்ந்தேன். இளம்பரிதி என் மேல் சாய்ந்திருந்தான். இன்று அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"கைப்பந்து கேம்ப் முடிஞ்சிருக்கும்ல?"

"இன்னியோட முடிஞ்சிருக்கும்."

பிறகு, கடையில் ஏதோ கூடுதலாகக் கேட்கிற மாதிரி, "இன்னும் ரெண்டு நாள் உள்ளயே இருக்கட்டுமாம்மா?" என்றாள்.

"இரு. நாளத் தப்பா எண்ணிட்டேன்னு உங்க அத்தகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"தம்பி?"

"நான் பாத்துக்கறேன்."

அவன் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள்.